ஓம் வந்த வழி

1825-இல் கொலோன் நகரப் பள்ளி ஆசிரியர் கியோர்க் சைமன் ஓம் வெளியிட்ட முதல் மின்சாரக் கட்டுரையில் இருந்த சமன்பாடு தவறானது. கம்பி நீள நீள மின்னோட்டம் எப்படிக் குறைகிறது என்று அளந்தவருக்கு மடக்கை வடிவில் ஒரு விதி கிடைத்திருந்தது. பெரும்பங்கு குற்றம் மின்கலத்தினுடையது. அன்றைய வோல்டா மின்கலம் சுற்றை மூடியதுமே தளரத் தொடங்கும். ஒரு கம்பியை அளந்துவிட்டு அடுத்ததை மாட்டுவதற்குள் மின்னழுத்தம் இறங்கிவிடும்.

ஆய்விதழாசிரியர் பொகண்டார்ஃப் ஒரு வழி சொன்னார். இரண்டு உலோகங்கள் இணையும் இடங்களில் ஒன்று சூடாகவும் மற்றொன்று குளிராகவும் இருந்தால் மின்னோட்டம் பிறக்கும் என்று சீபெக் 1821-இல் கண்டிருந்தார். மின்கலத்துக்குப் பதில் அதை வைத்துப் பாருங்கள் என்றார் பொகண்டார்ஃப். ஓம் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். நீர் கொதிக்கும்வரை, பனி மிஞ்சியிருக்கும்வரை மின்னழுத்தம் நகராது. ஒரே தடிமனும் வெவ்வேறு நீளமும் கொண்ட எட்டுச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக மாட்டினார். தொங்கவிட்ட காந்த ஊசி விலகியபோது, அதை மீண்டும் பழைய இடத்துக்குத் திருப்ப எவ்வளவு முறுக்க வேண்டியிருந்ததோ அதுவே மின்னோட்டத்தின் அளவு.

1826-இல் சரியான விதி வந்தது. மின்னோட்டம் என்பது ஒரு மாறா எண்ணை, கம்பியின் நீளத்தோடு இன்னொரு மாறா எண்ணைக் கூட்டி வரும் தொகையால் வகுத்த ஈவு. அந்த இன்னொரு எண்ணில்தான் அவருடைய மேதைமை இருப்பதாக நான் கருதுகிறேன். மாட்டிய கம்பியைத் தவிர, மின்மூலம் உட்படச் சுற்றின் மீதிப் பகுதிக்கும் தடை உண்டு என்பதை அது ஏற்கெனவே கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தது. பூட்டுத் தொழிலாளியான தந்தையிடமே கணக்குப் படித்தவர் ஓம். 1827-இல் பெர்லினில் வெளியான அவருடைய நூலுக்கு நாட்டில் போதிய வரவேற்பு இல்லை. கொலோன் வேலையையும் விட்டார். லண்டன் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் 1841-இல்தான் வந்து சேர்ந்தது.

அதே ஆண்டில் வெளியான தம் கட்டுரையில் ஜூல், மின்னோட்டம் கம்பியில் எழுப்பும் வெப்பத்துக்கு விதி கண்டார்: மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு. ஓமின் வகுத்தலோடு இதைச் சேர்த்தால், இன்று நம் வீட்டில் சூடேறும் சாதனங்களில் நடக்கும் கணக்கு முழுமையாகிறது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் திறன்; வகுத்தால் தடை. 230 வோல்ட்டில் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஏறத்தாழ 4.35 ஆம்பியர் எடுக்கும். அதன் தடை சுமார் 53 ஓம். அந்தத் தடை பெரிதாக மாறுவதில்லை. அதனால் லோ வோல்டேஜில் அழுத்தம் 180-க்கு இறங்கினால் திறன் 610 வாட் அளவுக்குச் சரிந்துவிடும். மின்னழுத்தம் ஐந்தில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகமாகக் குறைய, சூடோ ஐந்தில் இரண்டு பங்கு போய்விடுகிறது. பழைய 60 வாட் குண்டு பல்பு இப்படி அடங்காது. எரியும்போது அதன் தடை சுமார் 880 ஓம். அணைத்து ஆறவிட்டு மல்டிமீட்டரை வைத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது. டங்ஸ்டன் சூடேறச் சூடேறத் தடையும் ஏறுகிறது.

விதி கிடைத்தும் அன்று ஒரு கேள்வி மிஞ்சியது: தடையில் 'ஒன்று' என்பது எவ்வளவு? ஒவ்வொரு ஆய்வகமும் தன் கையிலிருந்த கம்பியையே அளவுகோலாக வைத்திருந்தது. ரஷ்யாவிலிருந்த யாக்கோபி ஒரு செம்புக் கம்பியைப் பல அறிஞர்களுக்கு அனுப்பி, இதையே பொது அளவாகக் கொள்ளச் சொன்னார். ஆனால் செம்பில் சிறிது மாசு கலந்தாலே தடை மாறிவிடும்.

அவசரத்தைக் கொண்டுவந்தது தந்தி. கடலடிக் கம்பி எங்கோ பழுதானால், கரையிலிருந்து பழுது வரையுள்ள தடையை அளந்து, ஒரு மைலுக்கான தடையால் வகுத்தால் கப்பல் எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிடும். கரைக்குக் கரை அளவு வேறானால் அந்தக் கணக்கு நிற்காது. 1860-இல் வெர்னர் சீமென்ஸ் பாதரசத்தை முன்வைத்தார்: ஒரு மீட்டர் நீளம், ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பு, பூஜ்யம் டிகிரி. தூய பாதரசம் கிடைக்கும் எந்த ஊரிலும் இந்த அளவை உருவாக்கிக்கொள்ளலாம்.

பிரிட்டிஷ் அசோசியேஷன் என்ற அறிவியல் அமைப்பின் குழு வேறு வழியில் போனது. எந்தப் பொருளையும் நம்பாமல், நீளம், நிறை, காலம் ஆகியவற்றிலிருந்தே தடையை வரையறுக்க விரும்பியது. 1863-64-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் மேக்ஸ்வெல்லும் கூட்டாளிகளும் பூமியின் காந்தப்புலத்தில் ஒரு கம்பிச்சுருளைச் சுழற்றி, நடுவில் தொங்கிய சிறு காந்தத்தின் விலகலிலிருந்து சுருளின் தடையைக் கண்டார்கள். பிளாட்டினம்-வெள்ளிக் கலவையில் செய்த மாதிரிகள் பல நாடுகளுக்குப் போயின. பின்னர் கேம்பிரிட்ஜில் ராலேவும் எலினார் சிட்ஜ்விக்கும் அளந்தபோது குழுவின் தடை அலகான அந்த ஓம் ஒரு விழுக்காட்டுக்கும் மேல் குறைவாக இருந்தது தெரிந்தது. இருந்தும், அந்தக் குழுவின் எண்ணமே சரியான எண்ணம் என்பேன்.

1881-இல் பாரிஸில் கூடிய மின்சார மாநாடு இரண்டையும் இணைத்தது: வரையறை பிரிட்டிஷ் குழுவினுடையது, கையில் பிடிக்கும் வடிவம் சீமென்ஸின் பாதரசம். 1893-இல் சிகாகோவில் பாதரசத்தின் நீளம் 106.3 சென்டிமீட்டர் என்று உறுதியானது. 1948-இல் பாதரசம் அதிகாரபூர்வமாக ஓய்வுபெற்றது.

1980 பிப்ரவரியில் பிரான்சின் கிரெனோபிள் ஆய்வகத்தில் கிளாவுஸ் ஃபான் கிளிட்சிங், கடுங்குளிரிலும் வலுவான காந்தப்புலத்திலும் இருந்த சிலிக்கான் சாதனத்தின் குறுக்கே தோன்றிய மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தார். ஓம் கற்றுத்தந்த அதே வகுத்தல்தான். விடை எப்போதும் 25,812.8 ஓமை ஒரு முழு எண்ணால் வகுத்த அளவிலேயே வந்து நின்றது. சாதனத்தின் வடிவமோ, அதிலிருந்த மாசோ அதை அசைக்கவில்லை. பிளாங்க் மாறிலியை எலெக்ட்ரான் மின்னூட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவதும் அந்த எண்தான். 1985-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலிக்கும் எலெக்ட்ரான் மின்னூட்டத்துக்கும் மாற்றமில்லாத மதிப்புகள் வகுக்கப்பட்டன. ஓம் என்னும் அலகு அவற்றிலிருந்தே பெறப்படுகிறது. 1990 முதல் ஆய்வகங்கள் பயன்படுத்திவந்த மதிப்புக்கும் புதியதற்கும் இடையே பத்துக் கோடியில் ஏறத்தாழ இரண்டு பங்குதான் வேறுபாடு. உயர்தர அளவீட்டு ஆய்வகங்கள் தங்கள் பதிவேடுகளைத் திருத்திக்கொண்டன. கடைகளில் இருந்த மல்டிமீட்டர்கள் எதையும் தொட வேண்டியிருக்கவில்லை.