தேகாப்பியாசமும் மூப்பை வெல்லும் மாத்திரையும்: ஒரு வரலாற்று நோக்கு

மூப்பை வெல்லவேண்டும் என்பது மனித குலத்தின் பழைய வேட்கை. காயகற்பம் தேடிய சித்தரும், அமுதநீர் தேடிய மேனாட்டு இரசவாதிகளும் அதற்குச் சான்றாவர். இருபதாம் நூற்றாண்டில் அவ்வேட்கை மாத்திரை வடிவெடுத்தது. கடுந் தேகாப்பியாசம் செய்வோர் அம்மாத்திரையை நாடிய வரலாறு சிந்தித்தற்குரியது.

1956ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் டென்ஹாம் ஹார்மன் மூப்பின் காரணம்பற்றி ஒரு கொள்கையை வெளியிட்டார். உயிர்க்கலங்கள் ஒட்சிசனைப் பயன்படுத்துங்கால், சோடியற்ற இலத்திரனைக் கொண்ட ‘சுயாதீன மூலிகங்கள்’ தோன்றுகின்றன. அவை கலத்தின் கூறுகளைத் தாக்குகின்றன. அத்தாக்கம் ஆண்டாண்டாகத் திரள்வதே மூப்பு என்பது அவர் கருத்து. 1969இல் மக்கோட், பிரிடோவிச் என்னும் இருவர், இம்மூலிகங்களுள் ஒன்றை அழிக்கும் நொதியம் உடலிலேயே உண்டெனக் கண்டனர். காவல் உண்டெனின் பகையும் உண்டன்றோ?

1970இல், இருமுறை நோபெல் பரிசு பெற்ற லைனஸ் போலிங், தடிமனைத் தடுக்க விற்றமின் ‘சீ’யைப் பெருமளவில் உட்கொள்ளுமாறு நூலெழுதினார். 1982இல் கலிபோர்னியாவில், களைத்து ஓயுமளவும் ஓடவைக்கப்பட்ட எலிகளின் தசையிலும் ஈரலிலும் மூலிகங்கள் இரண்டு மூன்று மடங்காகப் பெருகியமை அறியப்பட்டது. இவற்றினின்று ஒரு முடிபு எளிதிற் பிறந்தது: கடுமையாகப் பயில்வோர் மூலிகங்களை மிகுதியாகத் தோற்றுவிப்பர், ஆதலின் ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் விற்றமின்களை மிகுதியாக உண்ணல் வேண்டும். தருக்கம் செவ்விதாயினும் பரிசோதனை அதன்பின்னரே வந்தது.

முதலடி புகைபிடிப்போரிடம் நிகழ்ந்த ஆய்விலிருந்து விழுந்தது. பின்லாந்தில் 29,133 ஆடவரிடம் நடாத்தப்பட்டு 1994இல் வெளிவந்த அவ்வாய்வில், பீற்றா கரற்றீன் உண்டோரிடையே நுரையீரற் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் மிகுந்தது.

தேகாப்பியாசம்பற்றிய தீர்ப்பு 2009இல் ஜேர்மனியிலிருந்து வந்தது. நான்கு வாரம் பயின்ற இளைஞருட் சிலர் நாடோறும் 1000 மில்லிகிராம் விற்றமின் ‘சீ’யும் 400 அலகு விற்றமின் ‘ஈ’யும் உண்டனர். பயிற்சியால் இன்சுலினின் செயற்றிறன் மேம்பட்டது உண்ணாதோரிடமே. உண்டோரிடம் அப்பயன் தோன்றவில்லை. 2016இல் வெளியான நோர்வே ஆய்வொன்றில், 60 வயது கடந்த ஆடவர் பன்னிரண்டு வாரம் பளுப்பயிற்சி செய்தனர். விற்றமின்கள் உண்ணாதோரின் கொழுப்பற்ற உடற்றிணிவு 3.9 சதவீதம் ஏற, உண்டோரது 1.4 சதவீதமே ஏறிற்று. வலிமையோ இரு சாராரிடத்தும் ஒப்பவே வளர்ந்தது.

காரணம் யாது? பயிற்சியின்போது எழும் மூலிகங்கள் பகைவர் மாத்திரமல்லர், தூதருமாவர். அச்செய்தி கேட்டே கலம் தன் காவலைப் பெருக்குகின்றது. மாத்திரை அத்தூதரின் வாயை அடைத்துவிடுகின்றது.

விற்றமின் குறைபாடுடையார்க்கு அவை மருந்தே. பழத்தையும் கீரையையும் இவ்வாய்வுகள் விலக்கவுமில்லை. ஆயின், முதுமையில் தேய்வது தசை. அதனைக் காக்கவே முதியோர் பயில்கின்றனர். உழைத்து ஈட்டிய அப்பயனைக் காசு கொடுத்துக் குறைத்துக்கொள்ளல் அறிவுடைமை ஆகாது. கொள்கை எத்துணை அழகியதாயினும் சோதனையே அதன் உரைகல் என்பது இவ்வரலாறு புகட்டும் பாடமாகும்.