நீரிழிவு: கிளினிக்குக்கு முதல் நாள் கட்டுப்பாடு போதுமா?

அம்மாவுக்கு மாதத்தில் ஒரு நாள் கிளினிக். அதற்கு முதல் இரண்டு நாட்களும் அவருக்குச் சோறு பாதியாகிவிடும், தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. "நாளைக்கு இரத்தம் எடுப்பினம் பிள்ளை, அது முடியட்டும், பிறகு பாப்பம்" என்பார். மறுநாள் வெறும் வயிற்றில் 128 என்று கொப்பியில் எழுதுவார்கள். பஸ் ஏற முதலே ஒரு பணிசும் சீனித் தேத்தண்ணியும்.

இப்படியே ஒன்றரை வருடம் போனது. ஒரு செய்தியில் வரும் எண்ணை எப்படிச் சரிபார்ப்பது என்று பல்கலைக்கழகத்தில் ஊடகம் படித்தவள் நான். வீட்டுக் கொப்பியில் இருந்த எண்ணைச் சரிபார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அம்மா 2009இல் மாத்தளனில் ஷெல் விழுந்து வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். கடந்த வருடம் அவரது இடது செருப்பில் ஈரத்தைக் கண்டு காலைத் தூக்கிப் பார்த்தேன். பெருவிரலுக்கு அடியில் கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது. அம்மாவுக்கு அது வலிக்கவே இல்லை. இருக்கும் ஒரு காலும் போய்விடுமோ என்ற பயத்தோடு வைத்தியரிடம் ஓடினோம். அவர் எச்பிஏ1சி பரிசோதனை செய்யச் சொன்னார். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் அது இல்லை. நகரத்தில் காசு கொடுத்துச் செய்தோம். முடிவு 9.6.

128, 9.6 இரண்டுமே உண்மைதான். வெறும் வயிற்றுச் சோதனை அன்று காலை இரத்தத்தில் இருக்கும் சீனியை மட்டும் சொல்கிறது. இரண்டு நாள் பட்டினி கிடந்தால் அது இறங்கும். எச்பிஏ1சி அப்படியல்ல. செங்குருதிக் கலம் ஏறக்குறைய 120 நாட்கள் வாழும். அந்தக் காலமெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும் சீனியை இந்தச் சோதனை அளக்கிறது, ஆகவே கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி தெரியும். இதற்கு வெறும் வயிறு தேவையில்லை. 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. நோயுள்ள பலருக்கு 7க்குக் கீழே வைத்திருப்பது இலக்கு. வயதையும் மற்ற வருத்தங்களையும் பார்த்து வைத்தியர் அதை மாற்றுவார். கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், இருப்பவர்கள் வருடத்தில் இரண்டு தடவையும் செய்வது வழக்கம். இரத்தச்சோகை இருந்தால் இந்த எண் பிழையாக வரலாம், அதை முதலே சொல்லிவிடுங்கள்.

பிறகு ஒரு குளுக்கோமீற்றர் வாங்கினோம். 2022 நெருக்கடிக்குப் பிறகு அதன் ஸ்ட்ரிப்பை நாளாந்தம் செலவழிக்க எங்களால் முடியாது. ஆகவே வாரத்தில் இரண்டு நாள், ஒரே சாப்பாட்டுக்கு முன் ஒன்று, சாப்பிடத் தொடங்கி இரண்டு மணித்தியாலத்தின் பின் ஒன்று. பின்னது 180ஐத் தாண்டக்கூடாது. சீனியில்லாத தேத்தண்ணியோடு ஐந்து துண்டு பாண் சாப்பிட்ட அன்று 243 காட்டியது. அம்மா மெசின் பிழை என்றார். குரக்கன் புட்டு எவ்வளவும் சாப்பிடலாம் என்பதும், சீனிக்குப் பதில் பனங்கட்டி கடித்தால் ஒன்றும் செய்யாது என்பதும் எங்கள் பக்கத்து நம்பிக்கைகள். இரண்டையும் மெசின் உடைத்தது. இப்போது கோப்பையில் பாதிக்குக் கீரையும் மரக்கறியும், காற்பங்கு சோறு, காற்பங்கு மீன் அல்லது பருப்பு. நடக்க முடியாத நாட்களில் கதிரையில் இருந்தபடியே கையை வீசிப் பயிற்சி செய்கிறார்.

வெள்ளிக்கிழமை விரதத்தில் ஒருமுறை குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்து, வியர்த்து நடுங்கிப் போனார். கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகள் வெறும் வயிற்றில் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கும். 70க்குக் கீழே போனால், நினைவு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். நினைவில்லாதவருக்கு வாயால் எதுவும் கொடுக்கவேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். விரதம் பிடிப்பவர்கள் குளிசை பற்றி முதலே வைத்தியரிடம் கேட்பது நல்லது.

மே மாதத்தில் அம்மாவின் அளவு ஏறும். அந்த நாட்களில் அவர் நித்திரை கொள்வதில்லை. மன அழுத்தத்தில் சுரக்கும் ஓமோன்கள் சீனியை ஏற்றும் என்று வைத்தியர் விளக்கினார். ஆனால் அதுவரை கிளினிக்கில் யாரும் நித்திரையைப் பற்றிக் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

காலை இழந்தவர்களுக்கு எஞ்சிய பாதம்தான் பெரிய கவலை. நீடித்த நீரிழிவு நரம்பை மரக்கச் செய்வதால் முள் குத்தினாலும் தெரியாது. தினமும் இரவில் பாதத்துக்குக் கீழே கண்ணாடி பிடித்து, விரலிடுக்குகளையும் பொய்க்கால் அழுத்தும் இடத்தையும் பார்க்கிறோம். வீட்டுக்குள்ளும் செருப்பு. வற்றாப்பளைப் பொங்கலுக்கு இம்முறை காலுறையோடுதான் சுடுமணலில் நின்றார். கண்ணையும் சிறுநீரகத்தையும் வருடத்துக்கு ஒருமுறையாவது சோதிக்கவேண்டும். அம்மாவுக்குக் கண் சோதனை இன்னும் பாக்கி.

போன கிளினிக்குக்கு முதல் நாள் அவர் வழமைபோலவே சாப்பிட்டார். கொப்பியில் 139 என்று எழுதியதைக் கண்டு முகம் சுருங்கிவிட்டது. அடுத்த கிழமை எச்பிஏ1சி முடிவு வந்தது: 7.5. அந்தத் துண்டைக் கொப்பியில் ஒட்டச் சொல்லி என்னிடம் தந்தார்.