ஒலித்தலையின் சாய்வு

ஐரோலியில் ஓர் இல்லத்தின் பரண்மேல் பழைய பிஸ்கட்டுத் தகரப்பெட்டி ஒன்று இருந்தது. அதனுள்ளே பன்னிரண்டு கேசட்டுகள். 1980களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவை அவை. எழுத்தறியாத மூதாட்டி ஒருவர், கடிதத்திற்கு மாறாக ஒலிநாடாவில் பேசி, ஊருக்கு வந்து திரும்புவோர் கையில் கொடுத்தனுப்பியவை. அக்குடும்பம் பிற்காலத்தில் தாராவியை விட்டுச் செம்பூருக்குச் சென்றது. 1999இல் முலுண்டையும் ஐரோலியையும் இணைக்கும் பாலம் திறக்கப்பட்ட பின்னர், கழிமுகத்தைக் கடந்து நவி மும்பைக்குக் குடிபெயர்ந்தது. பெட்டியும் உடன் வந்தது.

அக்குரலைக் கணினியில் படியெடுத்து வைக்க விரும்பிய வீட்டார் எங்களை அழைத்தனர். சென்று கேட்டோம். குரல் இருந்தது, சொல் விளங்கவில்லை. கம்பளியைப் போர்த்துக்கொண்டு ஒருவர் பேசுவது போன்றிருந்தது. "நாடா கெட்டுவிட்டது, ஆச்சியின் குரல் போயிற்று" என்று வருந்தினார் பேரர். ஆனால் குற்றம் நாடாவினுடையதன்று. அதனை விளக்க, ஒலிப்பதிவின் வரலாற்றைச் சிறிது பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

காந்தத்தால் ஒலியைப் பதிக்கலாம் என்பதை முதன்முதலில் செய்து காட்டியவர் டென்மார்க்கைச் சேர்ந்த வால்டெமார் பௌல்சன். 1898இல் அவர் எஃகுக் கம்பியிலே குரலைப் பதித்தார். 1928இல் ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் ஃப்ளூமர், இரும்புத் தூள் பூசிய காகித நாடாவுக்கு உரிமை பெற்றார். அந்நாளைய ஒலித்தலைகள் ஊசிமுனை போன்றவை. அவை நாடாவைக் கீறின. 1933இல் எட்வர்ட் ஷூல்லர் என்பவர் வளைய வடிவான ஒலித்தலையை அமைத்தார். வளையத்தின் ஓரிடத்தில் மயிரிழையினும் மெல்லிய இடுக்கு ஒன்று இருக்கும். அவ்விடுக்கின் முன்னே நாடா ஓடும்பொழுது ஒலி பதியும். மீண்டும் ஓடும்பொழுது ஒலி எழும். 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் வைக்கப்பட்ட மாக்னடோஃபோன் கருவி இவ்வளையத் தலையைக் கொண்டதே. பிற்காலத்துக் கருவிகள் அனைத்தும் இதன் வழித்தோன்றல்கள் எனலாம்.

இடுக்கு பிறந்தபோதே ஒரு சிக்கலும் உடன் பிறந்தது. இடுக்கு, நாடா ஓடும் திசைக்குச் சரியாக 90 பாகையில் நிற்றல் வேண்டும். எழுதிய தலையும் படிக்கும் தலையும் ஒரே கோணத்தில் நின்றால், நாடாவில் உள்ள ஒவ்வோர் அலையும் மேலிருந்து கீழ்வரை ஒரே நொடியில் இடுக்கைக் கடக்கும். ஒன்று சிறிது சாய்ந்திருந்தாலோ, அலையின் மேற்பகுதி முன்னும் கீழ்ப்பகுதி பின்னுமாக வந்து, ஒன்றையொன்று அழிக்கும். பேரலை இதனைப் பொறுக்கும்; சிற்றலை பொறாது. ஆதலால் ஆழ்ந்த ஒலிகள் பிழைக்க, கூரிய ஒலிகள் மடியும்.

வானொலி நிலையங்களின் பெரிய நாடாக்கள் நொடிக்கு 38 சென்டிமீட்டர் விரைவில் ஓடியவை. ஒரு நிலையத்தில் பதித்ததை மற்றொரு நிலையம் ஒலிபரப்ப வேண்டியிருந்தமையால், கோணம் பொதுநெறியாக வகுக்கப்பட்டது. அளவறிந்து பதித்த சோதனை நாடாவை ஓடவிட்டு, பொறியாளர் தலையை நேர்படுத்துவர்.

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் கண்காட்சியில் கேசட்டை வெளியிட்டது. அதனை ஆக்கிய குழுவின் தலைவர் லூ ஓட்டன்ஸ். கைப்பையில் அடங்கவேண்டும் என்னும் நோக்கத்தால், நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைந்தது. விரைவு நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஆயிற்று. அஃதாவது வானொலி நாடாவின் விரைவில் எட்டில் ஒரு பங்கு. விரைவு குறைந்தால் அலையும் குறுகும். நொடிக்கு 10,000 அதிர்வுள்ள ஒலி, கேசட்டு நாடாவில் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்ததில் ஏறக்குறைய ஐந்து கூறு நீளமே உடையது. பேச்சுப் பதிவுக்குரிய ஒற்றைத் தடத்தின் அகலமோ 1.5 மில்லிமீட்டர். அத்தடத்தின் மேல் நுனிக்கும் கீழ் நுனிக்கும் இடையே ஐந்து கூறு சாய்வு நேர்ந்தால், அவ்வொலி முற்றிலும் மறையும். பாகைக் கணக்கில் இது ஒரு பாகையில் ஐந்தில் ஒரு பங்கினும் குறைவு.

கேசட்டின் உரிமத்தைப் பிலிப்ஸ் கட்டணமின்றி வழங்கிற்று. அதனால் உலகெங்கும் பற்பலர் கருவி செய்தனர்; எளியோர் இல்லங்களிலும் ஒலிப்பதிவு புகுந்தது. இது பெரும்பேறு. ஆயினும் வானொலி நிலையத்தில் இருந்த பொறியாளரும் சோதனை நாடாவும் அவ்வில்லங்களில் இல்லை. கருவி கீழே விழும், திருகாணி தளரும், மலிவான கேசட்டுக் கூடு நாடாவைக் கோணலாகச் செலுத்தும். ஒவ்வொரு கருவியும் தனக்கென ஒரு சாய்வைக் கொண்டுவிடும். அதே கருவியில் பதித்து அதே கருவியில் கேட்குமளவும் இக்குறை தெரியாது. குரல் ஊர்விட்டு ஊர் சென்று வேறொரு கருவியில் ஒலிக்கும்போதுதான் தெரியும். பம்பாய்த் தமிழர் இல்லங்களுக்கு வந்த நாடாக்களோ அவ்வாறு ஊர்விட்டு வந்தவையே.

இங்குத்தான் பழுது பார்ப்போர் இரு கடமைகளைப் பிரித்தறிதல் வேண்டும். கருவியைச் செப்பனிடுவது ஒன்று. அதற்குப் பொதுநெறியே அளவு. பழைய நாடாவைக் கேட்பது மற்றொன்று. அதற்கு அந்நாடாவே அளவு. எழுதிய தலை எவ்வளவு சாய்ந்திருந்ததோ, படிக்கும் தலையும் அவ்வளவே சாய்தல் வேண்டும். 1982இல் ஜப்பானின் நாகமிச்சி நிறுவனம் வெளியிட்ட 'டிராகன்' என்னும் கருவி, ஒவ்வொரு நாடாவுக்கும் ஏற்பத் தன் தலையைத் தானே திருப்பிக்கொண்டது. அத்துணை விலையுயர்ந்த கருவி இல்லாதார்க்குத் திருப்புளியும் செவியும் போதும்.

நாங்கள் செய்ததும் அவ்வளவே. முதலில் ஒலித்தலையைச் சாராயம் தோய்ந்த பஞ்சினால் துடைத்தோம். தலையின் இருபுறமும் திருகாணிகள் உண்டு. சுருள்வில் தாங்கிய ஒன்றே கோணத்தை மாற்றுவது. அது முன்பிருந்த நிலையை வண்ணப் பொட்டினால் குறித்துக்கொண்டோம். பின்னர் நாடாவை ஓடவிட்டு, காந்தம் ஏறாத திருப்புளியால் இம்மியளவு இப்பாலும் அப்பாலும் திருப்பினோம். நாடாவின் இரைச்சல் ஏறக்குறைய மாறாதிருக்க, குரலே மங்கியது, குரலே தெளிந்தது. எவ்விடத்தில் குரல் மிகக் கூர்மையாய்க் கேட்டதோ, அவ்விடமே ஆச்சியின் கருவி நின்ற கோணம்.

"சாப்பிட்டியா ராசா?"

அதுவரை கேட்டது உயிரெழுத்துகளின் ஓசையே. சகரத்தின் சீற்றொலி கூரிய அலைகளால் ஆனது. முதலில் மடிவதும் அதுவே. இப்பொழுது அது மீண்டது. பேரர் மற்றொருமுறை ஓடவிடச் சொன்னார். பின் ஒன்றும் பேசவில்லை.

முதல் எட்டு நாடாக்களுக்கும் ஒரே கோணம் பொருந்தியது. பின் நான்கும் அதற்கு இணங்கவில்லை. திருகாணியை மீண்டும் திருப்ப நேர்ந்தது. இடையே ஊரில் வேறு கருவி வாங்கியிருக்க வேண்டும் என்று கருதினோம். வீட்டில் மூத்தவர் ஒருவரைக் கேட்டபோது, பழையது பழுதாகிப் புதியது வாங்கியதை நினைவுகூர்ந்து ஆமென்றார்.

இதனைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்று பல இல்லங்களில் பழைய நாடாக்களைக் கணினிக்கு மாற்றுகின்றனர். மாற்றியபின் நாடாவை எறிந்தும் விடுகின்றனர். தலை கோணலாய் நிற்கப் படியெடுத்தால், படியிலே கூரிய ஒலி இராது. பின்னர்க் கணினியால் அதனை உயர்த்த முயன்றால் இரைச்சலே உயரும். நாடாவும் இல்லையேல் மீட்க வழியில்லை. ஆதலின் படியெடுக்குமுன் ஒலித்தலையை ஒவ்வொரு நாடாவுக்கும் இணங்கத் திருப்புதல் வேண்டும். படியெடுத்த பின்னும் நாடாவைக் காத்தல் வேண்டும்.

பன்னிரண்டும் முடிந்தபின், திருகாணியை வண்ணப் பொட்டு இருந்த பழைய நிலைக்கே திருப்பி வைத்தோம். கேசட்டுகள் தகரப்பெட்டிக்குள் சென்றன. பெட்டி மீண்டும் பரணேறியது.