குறுக்குத் தொகுப்பு

மென்பொருளை வேகமான கணினியில் உருவாக்கி, வேறு செயலியும் பெரும்பாலும் குறைந்த நினைவகமும் கொண்ட இன்னொரு கருவியில் நிறுவும் முறை குறுக்குத் தொகுப்பு எனப்படும். எழுதியதைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் தொகுப்பி என்ற நிரலுக்கே நிறைய நினைவகம் வேண்டும். சிறிய கருவி அதைத் தாங்காது. எனவே தொகுப்பி பெரிய கணினியில் ஓடுகிறது. அது எழுதித் தரும் கட்டளைகளோ சிறிய கருவிக்கு மட்டுமே புரிபவை.

1969-இல் கென் தாம்சன் யுனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் நிரல்களை ஒரு ஜிஇ-635 பெருங்கணினியில் தொகுத்து, துளையிட்ட காகித நாடாவில் பிடிபி-7 கணினிக்குக் கொண்டுபோனார். 1975-இல் பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேர் கணினியைக் கண்ணால் பார்க்காமலே அதற்கான பேசிக் மொழிமாற்றியை ஹார்வர்டின் பிடிபி-10-இல் உருவாக்கினர். ஆல்டேரின் 8080 செயலியைப் போல நடந்துகொள்ளும் ஒரு நிரலை ஆலன் முதலில் எழுதியதால்தான் அது கைகூடியது. ஆனாலும் ஆல்டேரைத் தயாரித்த நிறுவனம் இருந்த ஆல்புகெர்க்கியில் உண்மையான ஆல்டேரில் ஏற்றிய பிறகே அது ஓடும் என்பது உறுதியானது.

பின்னாளில் கனடாவின் மொன்றியலில் இம்முறையைப் பெருந்தொழிலாக்கியவை வீடியோ விளையாட்டு நிறுவனங்கள். யூபிசாஃப்ட் அங்கே 1997-இல் தன் கூடத்தைத் திறந்தது. அதன் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ (2003) பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ், கேம்கியூப் ஆகிய மூன்று விளையாட்டுக் கருவிகளிலும் வெளிவந்தது. மூன்றுக்கும் செயலி வேறு. பிளேஸ்டேஷன் 2-இன் முதன்மை நினைவகம் வெறும் 32 மெகாபைட்.

அதே கூடத்தின் ‘அசாசின்ஸ் கிரீட்’ (2007) வந்தபோது எண்ணுக்குள் பைட்டுகள் அடுக்கப்படும் வரிசையே சிக்கலானது. 1 என்ற எண்ணைப் பிசி கணினி நான்கு பைட்டுகளில் 01 00 00 00 என்று வைக்கும். பிளேஸ்டேஷன் 3-உம் எக்ஸ்பாக்ஸ் 360-உம் 00 00 00 01 என்று வைக்கும். தரவைத் தயாரிக்கும்போது இதைத் திருப்ப மறந்தால் 1 என்பது 1,67,77,216 ஆகிவிடும். 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டும் பிசியின் செயலிக் குடும்பத்துக்கே மாறியதால் இந்தத் தொல்லை நீங்கியது.

நிரல் பெருகப் பெருக, வேகமான கணினியும் திணறியது. பல மூலக் கோப்புகளை ஒன்றாகச் சேர்த்துத் தொகுப்பது ஒரு தீர்வு. பொதுவான தலைப்புக் கோப்புகளை அப்போது ஒருமுறை படித்தால் போதும். எதை எப்படித் தொகுப்பது என்று சொல்லும் திட்டக் கோப்புகளும் கருவிக்குக் கருவி வேறுபடும்; அவற்றைத் தானே எழுதித் தரும் ஷார்ப்மேக் என்ற நிரல், யூபிசாஃப்ட் மொன்றியலில் பிறந்து பின்னர் திறந்த மூலமானது.

தொகுப்பது எவ்வளவு விரைவானாலும், மெதுவான கருவியில் நிரல் எப்படி நடக்கும் என்பதை வேகமான கணினி சொல்லிவிடாது. இம்முறையின் உண்மையான கடினம் அதுதான். கருவித் தயாரிப்பாளர்கள் தரும் சோதனைப் பெட்டிகளிலும் கவனம் தேவை: முதல் எக்ஸ்பாக்ஸின் உருவாக்கப் பெட்டியில் 128 மெகாபைட் நினைவகம் இருந்தது, கடையில் விற்ற பெட்டியில் 64 மட்டுமே.