தண்டுவடக் கால்வாய்ச் சுருக்கம்: இயன்முறை மருத்துவமும் வீட்டுப் பயிற்சியும்

முதுகெலும்புக்குள் நரம்புகள் இறங்கிவரும் வழி குறுகி, அவை நெருக்கப்படும் நிலையே தண்டுவடக் கால்வாய்ச் சுருக்கம். ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு இடுப்புப் பகுதியில் அதிகம் வரும். டிஸ்க் தேய்ந்து பிதுங்குவதும் மூட்டுகளும் தசைநாரும் தடிப்பதும் சேர்ந்து வழியை அடைக்கின்றன. நெதர்லாந்து மருத்துவர் ஹெங்க் வெர்பீஸ்ட் 1954-இல் இதை விரிவாக விளக்கி எழுதினார்.

கொஞ்ச தூரம் நடந்ததும் பிட்டத்திலிருந்து கெண்டைக்கால்வரை குடைச்சலும் மரத்துப்போதலும் தொடங்கும், உட்கார்ந்தால் அடங்கும். ரத்தக்குழாய் அடைப்பாலும் நடக்கும்போது கால் வலிக்கும். ஆனால் அந்த வலி நின்றாலே குறையும். சுருக்க நோயாளி உட்கார வேண்டும், அல்லது குனிய வேண்டும். முன்பக்கம் குனியும்போது கால்வாய் சற்று அகலுகிறது. சிறிது தூரம்கூட நடக்க முடியாதவர் சைக்கிள் மிதிப்பதற்குக் காரணம் இதுவே.

சிகிச்சையும் இதை ஒட்டியே அமைகிறது. அமெரிக்க எலும்பு மருத்துவர் பால் வில்லியம்ஸ் 1937-இல் வெளியிட்ட குனிவுப் பயிற்சிகளின் சாயல் இன்றும் தொடர்கிறது. மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை இரு கைகளாலும் மார்பை நோக்கி இழுத்து இருபது வினாடி நிறுத்த வேண்டும். பிறகு மறுகால், அதன்பின் இரண்டும். அடுத்தது, முழங்கால்களை மடக்கியபடியே வயிற்றை இறுக்கி, இடுப்புக்கும் பாய்க்கும் நடுவே உள்ள இடைவெளி மறையும்படி அழுத்துவது. மூச்சை அடக்கக் கூடாது. தரையில் படுத்து எழ முடியாதவர் நாற்காலியில் அமர்ந்து, கைகள் தரையை நோக்கி இறங்க மெல்லக் குனியலாம். நடையை விட்டுவிடக் கூடாது: கால் கனக்கத் தொடங்கியதும் உட்கார்ந்து, அடங்கியதும் மீண்டும் நடப்பதே முறை.

முதுகுவலி என்றாலே புஜங்காசனம் செய்யச் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. டிஸ்க் பிதுக்கம் உள்ள சிலருக்கு அது உதவலாம். சுருக்கம் உள்ளவருக்குப் பின்பக்கம் வளைவது பெரும்பாலும் வலியைக் கூட்டும். பக்கத்து வீட்டாரின் பயிற்சியைப் பார்த்துச் செய்வது இங்கே உண்மையிலேயே ஆபத்து.

பயிற்சியால் அடைத்த வழி திறந்துவிடாது. வலி தணியும், நடக்கும் தூரம் கூடும். அமெரிக்காவில் 169 நோயாளிகளிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டு முடிவில் அறுவைக்கும் இயன்முறைக்கும் ஒதுக்கப்பட்டவர்களின் உடலியக்கம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. எனினும் இயன்முறைக் குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் இடையில் அறுவைக்கு மாறினர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஓசூரை அடுத்த சானமாவு போன்ற ஊர்களில், நடக்கவே முடியாதவர் பிசியோதெரபிக்கு பஸ் ஏறிப் போவதுதான் பெரும்பாடு. வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. பயிற்சியைச் சரிபார்த்துத் திருத்த ஒருவர் வருவது மாத்திரையைவிட மதிப்புள்ள உதவி.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதிகள் உண்டு. ஆண்டுக்கணக்கில் அந்த நீரைக் குடிப்பவர்களுக்குத் தசைநார்கள் எலும்பாக இறுகி, கழுத்திலும் நடுமுதுகிலும்கூடக் கால்வாய் சுருங்கலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே வந்தது. அவ்வகைச் சுருக்கத்துக்குக் குனிவுப் பயிற்சி தீர்வாகாது. கை தடுமாறுவது, நடை விறைப்பது, கால் பலம் இழப்பது, சிறுநீர் அடைத்துக்கொள்வது, தொடையிடுக்கு மரத்துப்போவது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.