மூழ்கிய பவளம் எதற்குச் சான்று?

பனியூழியின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைக்கு ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது என்பது பாடநூல்களில் நிலைபெற்றுவிட்ட எண். அதைக் கொண்டு, கடலாழ வரைபடத்தில் 120 மீட்டர் ஆழக்கோட்டையே பழைய கரையாக வரைந்துவிடுகிறார்கள். கடலடியில் ஒரு பொருள் கிடைக்கும் ஆழம் வேறு, அது வாழ்ந்த காலத்துக் கடல்மட்டம் வேறு. இவ்விரண்டுக்கும் இடையே தீர்க்கவேண்டிய கணக்குகள் உள்ளன.

அந்த எண்ணின் முதன்மை ஆதாரம் கரீபியன் தீவான பார்படோஸ். அதன் தென்கரைக் கடலடியைத் துளையிட்டு எடுத்த பவளங்களை ஆராய்ந்து, ரிச்சர்ட் ஃபேர்பேங்ஸ் 1989இல் 121 மீட்டர், பிழைவரம்பு 5 மீட்டர் என்று அறிவித்தார். அவர் நம்பியது அக்ரோபோரா பால்மேட்டா என்னும் பவளத்தை. அலை உடையும் விளிம்பில், பெரும்பாலும் 5 மீட்டர் ஆழத்துக்குள் வளர்வது அது. பிழைவரம்பின் அடிப்படை கருவி அன்று, அந்த உயிரின் வாழ்முறை. தவிர, பார்படோஸ் ஆயிரம் ஆண்டுக்குச் சுமார் 0.34 மீட்டர் மேலெழும் நிலம். 20,000 ஆண்டுக்கு முன் வளர்ந்த பவளம் ஏறத்தாழ 7 மீட்டர் உயர்ந்திருக்கும். அதைக் கூட்டாமல் மட்டத்தைச் சொல்ல இயலாது. தாகித்தி தீவோ மெல்லத் தாழ்கிறது, அங்கே கழிக்கவேண்டும்.

காலக்கணிப்பும் அப்படியே. எடுவார் பார் குழுவினர் 1990இல் அதே பார்படோஸ் பவளங்களை யுரேனியம்–தோரியம் முறையில் அளந்தபோது, 20,000 ஆண்டு அளவில் கதிர்க்கரிமம் சுமார் 3,500 ஆண்டு இளமையாகக் காட்டுவது தெரிந்தது. பவளம் வளரும்போது கடல்நீரின் யுரேனியத்தை ஏற்கும். தோரியத்தை ஏறக்குறைய ஏற்பதில்லை. பின்னர் அந்த யுரேனியம் சிதைந்து சேரும் தோரியமே கடிகாரம். எனினும், பவளத்தின் கூட்டுக் கனிமமான அரகோனைட் கால்சைட்டாக மாறியிருந்தால் அந்த வயதை நம்பக்கூடாது.

இத்தனை திருத்தங்களுக்குப் பிறகும் ஓர் இடத்துச் சான்று போதாது. பனிப்படலங்கள் திடீரென உருகி, கடல்மட்டம் விரைந்து உயர்ந்த 'உருகுநீர்த் துடிப்பு 1ஏ' என்னும் கட்டம் இதற்கு எடுத்துக்காட்டு. பார்படோஸில் இந்த உயர்வு இரண்டு துளைகளுக்கு இடைப்பட்ட இடைவெளியில் விழுகிறது. பவளத்திட்டு மூழ்கிக் கரைப்பக்கம் பின்வாங்கியது என்பதை இடைவெளி காட்டுகிறது. அதன் தொடக்கத்தையும் முடிவையும் காட்டவில்லை. தென்கிழக்காசியாவின் சுண்டா கண்டத்திட்டில் ஹானெபூத் குழுவினர் 2000இல் காட்டிய சான்று முற்றிலும் வேறு வகை: சேறு, முற்றா நிலக்கரி, அலையாத்தி வேர். 14,600 முதல் 14,300 ஆண்டுக்கு முன்வரை 16 மீட்டர் உயர்வு என்றது அது. தாகித்தியில் 2005இல் துளையிட்ட பவளங்களிலிருந்து 2012இல் வெளியான முடிவு, 14,650 முதல் 14,310 ஆண்டுக்கு முன்வரை 14 முதல் 18 மீட்டர். தாழும் எரிமலைத் தீவின் பவளமும் கண்டத்திட்டின் சதுப்பு வேரும் ஒரே பிழையைச் செய்ய வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே இந்த ஒத்திசைவை, தனித்தனி அளவீடுகளின் துல்லியத்தைவிட வலிய ஆதாரமாகக் கருதுகிறேன்.

எஞ்சும் வினா, அந்த உருகுநீர் எங்கிருந்து வந்தது என்பது. பெரும்பகுதி வட அமெரிக்கப் பனியிலிருந்து வந்திருந்தால், அப்பனியின் ஈர்ப்பு தளர்ந்து, அருகிலுள்ள பார்படோஸில் உயர்வு தாகித்தியைவிடக் குறைந்திருக்கும். அன்டார்க்டிகாவிலிருந்து வந்திருந்தால் அப்படிக் குறைந்திராது. பார்படோஸில் கிடைக்காமற்போன அந்த இடைப்பகுதியே இதைத் தீர்க்கவல்லது. அங்கே மீண்டும் துளையிடுவதற்கான வலுவான காரணமும் அதுவே.