'இசிஎம் போச்சு'ன்னு மெக்கானிக் சொல்றாரா? மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க
கும்பக்கரையிலிருந்து அடுக்கம் வழியா கொடைக்கானல் ஏறும்போது வண்டி இழுக்காம, செக் இன்ஜின் லைட் எரியுதா? இன்ஜினுக்கு எவ்வளவு எரிபொருள், எப்போது என்று முடிவெடுக்கும் கம்ப்யூட்டர்தான் இசிஎம். ஆனா பேட்டரி, எர்த் ஒயர் சரியில்லன்னாலும், கனெக்டரில் ஈரம் இறங்கினாலும் இதே கோளாறு காட்டும். முதல்ல ஸ்கேனர் மாட்டி கோடு பார்க்கச் சொல்லுங்க.

மாத்தியே ஆகணும்னா, வேற வண்டியில் கழற்றியதை அப்படியே மாட்டினா போதாது. உங்க மாடலுக்கான சாஃப்ட்வேர் ஏற்றி, சாவியின் இம்மொபிலைசரோடு இணைக்கணும். இல்லன்னா பல கார்கள் ஸ்டார்ட்டே ஆகாது.

தயாரிப்புக் கோளாறுன்னா செலவு கம்பெனியோடது. 2023 ஜனவரியில் மாருதி சுசூகி, ஏர்பேக் கன்ட்ரோலர் சந்தேகத்தில் 17,362 கார்களைத் திரும்ப அழைத்து, தேவைப்பட்டால் இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. பில் போடும் முன்னாடி, சேசிஸ் எண்ணைச் சொல்லி ரீகால் இருக்கான்னு ஷோரூமில் கேட்டுடுங்க.